வேறொருவர் பெயரில் ஓடிய குதிரைகள்

ஆகஸ்ட் 12, செவ்வாய் – நியூமார்க்கெட்

இங்கிலாந்து என்றதும் வீட்டில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மப்ளரும் பெட்டியில் திணித்து அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் ரயில் மாறி நியூமார்க்கெட்டில் இறங்கும்போது வெயில் முப்பதைத் தாண்டிவிட்டது. நம் ஊரில் அந்தச் சூட்டைப் பற்றி யாரும் பேசக்கூட மாட்டார்கள். இங்கே ஓடு, செங்கல், தரைவிரிப்பு எல்லாமே குளிரை நினைத்துக் கட்டியவை. மின்விசிறி மாட்டக் கூரையில் ஒரு கொக்கி கிடையாது. தங்கும் விடுதிக்கார அம்மா, ஏதோ அவரே வெயிலை ஏவிவிட்டதுபோல மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். காலை உணவோடு அறை 95 பவுண்டு. கேம்பிரிட்ஜில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஒரு வாரம் லீவு போட்டுக் கூட வந்திருக்கிறாள். ரூபாயாக மாற்றிப் பார்க்கக்கூடாது என்பது அவள் போட்ட முதல் நிபந்தனை. நான் மாற்றிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு: சட்டக் கல்லூரியில் படிக்கும்போது 'நேகிள் எதிர் ஃபீல்டன்' என்றொரு வழக்கு பாடத்தில் வரும். 1966, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி டென்னிங் பிரபு. அரசு அமைப்பாக இல்லாத ஒரு சங்கம் ஒருவரின் தொழிலையே கையில் வைத்திருந்தால், அது மனம்போன போக்கில் உரிமத்தை மறுக்கலாமா என்பது கேள்வி. பரீட்சைக்கு இரண்டு வரியில் எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. அந்த நேகிள் யார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வக்கீல் தொழிலிலிருந்து ஒதுங்கிய பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஃப்ளோரன்ஸ் நேகிள், 1894இல் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கப் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். தான் பழக்கிய குதிரைக்குத் தன்னையே பயிற்சியாளராகப் பதிவு செய்ய அவருக்கு 71 வயது வரை விடவில்லை.

இரவு உணவு இந்த ஊர்ப் பன்றிக்கறி சாசேஜ். நியூமார்க்கெட் சாசேஜ் என்றே புவிசார் பெயர்ப் பாதுகாப்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். மிளகு தூக்கலாக, கொஞ்சம் ஜாதிக்காய் வாசத்தோடு இருந்தது. அண்ணன் மகள் சைவம். அவளுக்கு வேகவைத்த உருளையும் பட்டாணியும் 14 பவுண்டுக்கு வந்தன. அவளே ரூபாயில் மாற்றிப் பார்த்ததைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன் – நியூமார்க்கெட்

வெயிலுக்குப் பயந்து குதிரைகளைச் சீக்கிரமே வெளியே எடுப்பார்கள் என்றதால் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். தெருவில் மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம். இந்தச் சின்ன ஊரில் ஏறக்குறைய 3,000 பந்தயக் குதிரைகள் பயிற்சியில் இருக்கின்றன. நடைபாதைபோலக் குதிரைக்கென்று தனிப்பாதை. சாலையைக் கடக்க, சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுத்தும் உயரத்தில் சிக்னல் பொத்தான். கார்கள் எஞ்சின் சத்தம்கூட எழுப்பாமல் காத்து நிற்கின்றன. அவசரமாகப் போன ஒரு பால் வண்டிக்காரர் குதிரையைக் கண்டதும் பிரேக் போட்டுவிட்டு, சலித்துக்கொள்ளாமல் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்.

வாரன் ஹில் நீளமான புல் சரிவு. நடுவில் மெழுகு கலந்த செயற்கை மணல் பட்டை மேலேறிப் போகிறது. கீழே வட்டமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் மேட்டில் ஏறி வருகின்றன. முதலில் தூரத்தில் புள்ளி, அப்புறம் மூச்சுச் சத்தம், அப்புறம்தான் குளம்புச் சத்தம். நான் நினைத்ததுபோல விரட்டல், சாட்டை எதுவும் இல்லை. மேட்டில் ஏறுவதாலேயே நுரையீரலும் பின்னங்கால் தசையும் திடப்படுகின்றன. பந்தய வேகத்துக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டால் போதும். மற்ற நாளெல்லாம் இப்படி அளந்த ஓட்டம்தான். எந்தக் குதிரை நேற்றுத் தீவனத்தை மிச்சம் வைத்தது, எதன் முழங்காலில் சூடு தெரிகிறது, எது பக்கத்துக் குதிரையைக் கண்டால் மிரளும் என்று தினமும் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு ஓட்டலாம் என்று முடிவெடுப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. இதில் ஆண் என்ன, பெண் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. பந்தய உரிமங்களைக் கையில் வைத்திருந்த சங்கமான அன்றைய ஜாக்கி கிளப்புக்கு விளங்கியிருக்கிறது.

கடைசி அணி இறங்கி வரும்போது ஒரு சவாரிக்காரர் எங்களைப் பார்த்து "இந்தியாவா?" என்று இந்தியில் கேட்டார். ராஜஸ்தான்காரர். இங்கே லாயங்களில் ஆள் தட்டுப்பாடு. நம் ஊர்ப் பந்தயத் திடல்களில் தொழில் பழகியவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்களாம். இவர் கிண்டியில் இரண்டு வருஷம் இருந்தவர். தமிழில் "சாப்டீங்களா?" மட்டும் சுத்தமாக வந்தது. கிண்டித் திடலை மூடிவிட்டார்களாமே என்று விசாரித்தார். அரசு சீல் வைத்ததைச் சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டார். உங்கள் பயிற்சியாளர் யார் என்று கேட்டதற்கு, "மேடம்தான். ரொம்பக் கண்டிப்பு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த விசேஷமும் இல்லை. குதிரை கழுத்தை உதறியது, கிளம்பிவிட்டார்.

பிற்பகல் அரண்மனை இல்லத்தில் குதிரைப்பந்தய அருங்காட்சியகம். இரண்டாம் சார்லஸ் மன்னரின் பந்தய மாளிகையில் மிஞ்சிய பகுதி இது. ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு வேறு வேலை பழக்கும் கொட்டிலும் இதோடு சேர்ந்தது. பந்தயத்தில் பாய்ந்துகொண்டிருந்த ஒரு குதிரைக்கு 'சும்மா நில்' என்பதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு பாடு! பயிற்சி தந்த பெண் பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் நின்றார், அதுதான் பாடமாம்.

அதே சார்லஸ் மன்னர் காலத்திலிருந்து இங்கே 'டவுன் பிளேட்' என்றொரு பந்தயம் நடக்கிறது. வென்றவருக்கு இன்றும் பரிசோடு சாசேஜும் உண்டு. 1925இல் ஐலீன் ஜோயல் என்ற பெண் அதை ஓட்டி வென்றார். ஆனால் அது ஊர்த் திருவிழாபோல. தொழில்முறைப் பந்தயத்தில் பெண்களுக்குக் கதவு திறக்க இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் ஆனது.

இதே ஊரின் ரவுலி மைல் திடலில் 1956இல் '2000 கினீஸ்' பந்தயத்தை ஜில் த ரே என்ற குதிரை வென்றது. பழக்கியவர் ஹெலன் ஜான்சன் ஹூட்டன். 1952இல் கணவர் வேட்டைச் சவாரியில் இறந்த பிறகு லாயத்தை இவர்தான் நடத்தினார். பதிவேட்டில் பயிற்சியாளர் பெயர் சார்ல்ஸ் ஜெர்டைன் என்று இருக்கிறது. நம் ஊர் பத்திர ஆபீஸில் இதற்குப் பினாமி என்போம்.

மாலையில் ஹை ஸ்ட்ரீட்டில் ஜாக்கி கிளப் கட்டடத்தைப் பார்த்தேன். சிவப்புச் செங்கல், வாசலில் ஹைபீரியன் குதிரையின் வெண்கலச் சிலை. எப்சமில் நடக்கும் டெர்பி பந்தயத்தை 1933இல் வென்ற குள்ளக் குதிரை அது. உள்ளே போக முன்பதிவு வேண்டும் என்றார்கள். அதற்கு நான் மெனக்கெடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன் – லண்டன்

ஸ்ட்ராண்ட் தெருவில் ராயல் கோர்ட்ஸ். 1882இல் திறந்த கோபுரக் கட்டடம். பார்த்தால் தேவாலயம் என்றுதான் தோன்றும். ஆகஸ்டில் நீதிமன்ற விடுமுறை. அந்தப் பெரிய கல் மண்டபத்தில் நாங்களும், பையைச் சோதிக்கும் காவலரும், வழி தவறிய ஒரு ஸ்பானியக் குடும்பமும்தான். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே கிணற்றடி குளுமை. காவலர் என் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை வெகுநேரம் ஆராய்ந்தார். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பணியில் இருக்கும்போது கூடாது என்று மிக வருத்தமாகச் சொன்னார்.

வழக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்காலத்தில் இங்கிலாந்தின் சமதளப் பந்தயம், அதாவது தடை தாண்டாத ஓட்டம், மொத்தமும் ஜாக்கி கிளப் கையில். அவர்கள் உரிமம் இல்லாமல் ஒருவர் பழக்கிய குதிரை ஓட முடியாது. பெண்ணுக்கு உரிமம் கிடையாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. வழக்கம் அப்படி, அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் நேகிள் விண்ணப்பித்தார், மறுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார், மறுபடி மறுத்தார்கள். ஆனால் அவருடைய லாயத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த தலைமைக் குதிரைக்காரருக்கு உரிமம் கொடுத்தார்கள்! முதலாளியம்மா பழக்குகிறார் என்பது ஊருக்கே தெரியும், கிளப்புக்கும் தெரியும். காகிதத்தில் மட்டும் வேலைக்காரர் பெயர்.

அவர் வழக்குப் போட்டதும் கிளப் தரப்பு சொன்னது: இந்தம்மாவுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை, ஆகவே வழக்கே இல்லை. கீழ் நீதிமன்றத்தில் அதை ஏற்று, விசாரணைக்கு முன்பே மனுவைத் தள்ளிவிட்டார்கள். 1966 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. டென்னிங் எங்கே போய்த் துணை தேடினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது: 1614ஆம் ஆண்டு இப்ஸ்விச் தையற்காரர் வழக்கு. எங்கள் சங்கத்தைக் கேட்காமல் எங்கள் ஊரில் துணி தைக்கக்கூடாது என்று தையற்காரர் சங்கம் சொன்னதை அன்றைய நீதிபதிகள் ஏற்கவில்லை. தையற்காரருக்கு ஒரு நியாயம் என்றால் குதிரை பழக்குபவருக்கும் அதுதானே. தகுதியை வைத்து மறுக்கலாம், பெண் என்பதற்காகவே மறுக்க முடியாது. அப்படி மறுப்பது காரணமற்ற தான்தோன்றித்தனம் என்று வாதிட அவருக்கு இடமுண்டு என்றது நீதிமன்றம். வேலைக்காரர் பெயரில் ஒளிந்து தொழில் செய்யும் நிலைக்கு அவரைத் தள்ளியதையும் டென்னிங் விடவில்லை.

இத்தனைக்கும் இது முழுத் தீர்ப்பு அல்ல, வழக்கை நடத்தலாம் என்ற அனுமதி மட்டுமே. விசாரணை வரை இழுக்க கிளப்புக்குத் துணிவு வரவில்லை. அந்த ஜூலை முடிவதற்குள் உரிமம் வந்துவிட்டது. எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு 'முதலில் உள்ளே நுழைய இடம் வாங்குவோம்' என்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கொஞ்சம்.

இரவு ஈஸ்ட் ஹாமில் மசால் தோசை, ஆறரை பவுண்டு. சாம்பார் இனித்தது. பரிமாறிய யாழ்ப்பாணத் தம்பி "அக்கா, இன்னும் கொஞ்சம் சம்பல் தரட்டோ?" என்று கேட்டுக் கேட்டு வைத்ததில் சாம்பாரை மன்னித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி – எப்சம்

ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு கல் பெஞ்சில் எமிலி டேவிசன் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1913 டெர்பியில் மன்னரின் குதிரை முன் வந்து அடிபட்டு இறந்த வாக்குரிமைப் போராளி. பக்கத்தில் யாரும் உட்காரலாம். நாங்கள் போனபோது ஒரு பாட்டி அவர் மடியில் ஷாப்பிங் பையை வைத்துவிட்டுச் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த 1913இல்தான் ஃப்ளோரன்ஸ் தன் முதல் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் நாயை வாங்கினார். குதிரைக்கு இணையாக அந்த நாய்களும் அவருடைய வாழ்க்கை. 1960இல் அவர் வளர்த்த நாய் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தலைசிறந்த நாயாகத் தேர்வானது.

திடல் ஊருக்கு மேலே மேட்டில். பேருந்தில் போயிருக்கலாம், நடந்தோம். பந்தயம் இல்லாத நாளில் இது திறந்த புல்வெளி. பட்டம் விடுகிறார்கள், நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் டெர்பி ஓட்டப்பாதை நேரில் மலைப்பாதை. முதலில் ஏற்றம், பிறகு டாட்டன்ஹாம் கார்னர் வரை இறக்கத்திலேயே இடப்பக்கத் திருப்பம், அப்புறம் நேர்ப்பாதையும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். மூன்றே வயதான குதிரை இதில் கால் பிசகாமல் இறங்க வேண்டும் என்றால், எவ்வளவு நிதானம் பழக்கியிருக்க வேண்டும்!

1937 டெர்பியில் ஃப்ளோரன்ஸின் சாண்ட்ஸ்பிரைட் ஓடியது. ஒரு பவுண்டு கட்டினால் நூறு தருவார்கள் என்ற நிலை. அதாவது யாரும் அதை ஒரு குதிரையாகவே மதிக்கவில்லை. இரண்டாவதாக வந்தது. முதலில் வந்த மிட்டே சன் குதிரையின் உரிமையாளர் திருமதி மில்லர், டெர்பி வென்ற முதல் பெண் உரிமையாளர். யோசித்துப் பாருங்கள். முதலிரண்டு குதிரைகளும் பெண்களுடையவை. காசு போட்டுக் குதிரை வாங்கப் பெண்ணுக்குத் தடையில்லை. கோப்பையும் கையில் கொடுப்பார்கள். பழக்கினேன் என்று சொல்ல மட்டும் கூடாது.

மேட்டில் ஒரு வண்டியில் ஐஸ்கிரீம் 4 பவுண்டு. கையில் வாங்கியதும் உருகிவிட்டது. கடைக்காரர் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 16, சனி – பெட்வொர்த்

புல்பரோவில் ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்து. குறுகலான தெருக்கள், மூன்றுக்கு ஒரு கடை பழம்பொருள் கடை. ஒரு பழைய சேணம் 240 பவுண்டுக்குத் தொங்கியது. இந்த வட்டாரம் நெடுங்காலமாகவே குதிரை மண். பெட்வொர்த் மாளிகையின் மூன்றாம் எக்ரிமான்ட் பிரபு டெர்பியை ஐந்து முறை வென்றவர். மான்கள் திரியும் அவருடைய பூங்காவில் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டேன். அண்ணன் மகள் உள்ளே போய் டர்னர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, உள்ளே ஏசி இல்லை, ஆனால் சுவர் நல்ல தடிமன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு – கிராஃபம்

ஃப்ளோரன்ஸின் வெஸ்டர்லாண்ட்ஸ் பண்ணை கிராஃபம் கிராமத்துப் பக்கம். கைபேசி ஒன்பது மணிக்கு ஒரு பேருந்து காட்டியது. ஒன்பதரைக்கு அது திரையில் எங்களைக் கடந்தும் போய்விட்டது. சாலையில் எதுவும் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாளில் ஞாயிற்றுக்கிழமை என்ற கட்டமே காலி. டாக்ஸிக்குப் போன் செய்தால் நாளைக்கு வருகிறேன் என்றார் ஒருவர்.

நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் சேறு படிந்த ஒரு கார் நின்றது. எண்பது வயதிருக்கும் அம்மா. பின் சீட்டில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். "அவன் நகர மாட்டான், நீங்கள்தான் நெருங்கி உட்கார வேண்டும்" என்றார். நான் முன்னால், அண்ணன் மகள் நாயின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு பின்னால். திருமதி நேகிளைத் தெரியுமா என்றேன். பழக்கமில்லை, ஆனால் இந்தப் பக்கம் பெயர் கேட்காதவர் இல்லை என்றார். "அவருக்கு எதிரில் யாரும் தாமதமாக வரமாட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் போனதும் முகம் மாறியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

பண்ணைகள் தனியார் நிலம், உள்ளே போக முடியாது. பாதையோரம் வேலியில் நின்று மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தோம். தெற்கே டவுன்ஸ் குன்றுகள் வரிசையாக. ஈக்களுக்காகக் கண்ணில் வலை முகமூடி போட்ட ஒரு பழுப்புக் குதிரை வந்து எங்களை முகர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

உரிமம் வாங்கிய பிறகு பத்தாண்டுகூட அவர் அந்தத் தொழிலில் இல்லை, வயதாகிவிட்டது. ஆனால் சண்டையை விடவில்லை. நாய்களுக்கான கெனல் கிளப்பும் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்காமல் இருந்தது. 1970களின் கடைசியில், எண்பதைத் தாண்டிய வயதில், அவர்களையும் இழுத்துப் பணிய வைத்தார். ஜாக்கி கிளப் 1977இல் முதன்முதலாக மூன்று பெண்களை உறுப்பினராக்கியபோது அதில் ஹெலன் ஜான்சன் ஹூட்டன் இருந்தார். 1986இல் கெம்ப்டன் திடலில் பயிற்சி ஜாக்கிப் பெண்களுக்கென்று தன் பெயரில் ஒரு பந்தயத்துக்குப் பணம் கொடுத்தார் ஃப்ளோரன்ஸ். 1988இல் காலமானார். சாதுவான மனுஷி என்று எனக்குத் தோன்றவில்லை. சாதுவாக இருந்திருந்தால் வேலைக்காரர் பெயரே நிலைத்திருக்கும்.

திரும்பி வர எட்டு கிலோமீட்டர் நடை. வழியில் பப்பில் எலுமிச்சை சோடா இரண்டு கோப்பை, குதிகாலில் இரண்டு கொப்புளம்.

ஆகஸ்ட் 18, திங்கள் – பிரைட்டன்

காலையில் கடற்கரையில் மீனும் உருளை வறுவலும், 13 பவுண்டு. முதல் வாய் எனக்கு, இரண்டாவது ஒரு கடற்புறாவுக்கு. கையிலிருந்து கொத்திக்கொண்டு போனதும் பக்கத்து பெஞ்சுக் குடும்பம் மொத்தமும் "ஐயோ பாவம்" என்று எழுந்து நின்று, தங்கள் வறுவலில் பாதியை நீட்டினார்கள்.

பந்தயத் திடல் ஊருக்குப் பின்னால் குன்றின்மேல். கடல் தெரிகிறது. முழு வட்டமாகக்கூட இல்லாமல் லாடம்போல வளைந்து நின்றுவிடும் பாதை. 1966 ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கேதான் பாட் என்ற குதிரை வென்றது. பழக்கியவர் நோரா வில்மட், ஃப்ளோரன்ஸோடு சேர்ந்து உரிமம் பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பிரிட்டனில் ஒரு பெண்ணின் சொந்தப் பெயரில் பதிவான முதல் வெற்றி அது. வழக்குப் போட்டவர் ஒருவர், முதலில் வென்றவர் இன்னொருவர். பந்தயத்தில் அப்படித்தான் போலிருக்கிறது.

வேலியோரம் நாயோடு வந்த ஒரு தாத்தா நின்றார். "இன்றைக்கு ரேஸ் இல்லையே அம்மா" என்றார்.

"தெரியும். 1966இல் நடந்த ஒன்றைப் பார்க்க வந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. "எது ஜெயித்தது?"

"பாட்."

"கட்டியவர்களுக்கு என்ன விலை கொடுத்தார்கள்?"

தெரியாது என்றேன். வழக்கு எண், நீதிபதிகள் பெயர், ஆண்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி" என்றார், "விலை தெரியாமல் எப்படி?" என்று நாயை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ரயிலேறும்வரை அண்ணன் மகள் கைபேசியில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.